திரவம் தாங்கும் மெல்லிய சுவர்த் தொட்டிகள்: அதிர்வும் உறுதியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் சிப்காட் வளாகத்திலும், புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலும் சேமிப்புத் தொட்டிகளோடு வேலை செய்யும் இளம் பொறியாளர்களும் ஆபரேட்டர்களும் டிப்ளமோ மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே தொட்டியை எடுத்துக்கொள்கிறேன்: விட்டம் 20 மீட்டர், உயரம் 10 மீட்டர், எஃகுச் சுவர் 8 மி.மீ., மேலே மூடிய கூரை. இதை இனி ‘மாதிரித் தொட்டி’ என்று குறிப்பிடுகிறேன். எண்கள் தோராயமானவை, வடிவமைப்புக்கு அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கவை அல்ல.

1. 8 மி.மீ. தகட்டைக் கையால் வளைக்கவே முடியாது. அதைப் போய் மெல்லிய சுவர் என்கிறீர்களே?

தடிமனை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. ஆரத்தைத் தடிமனால் வகுத்துப் பார்க்க வேண்டும். மாதிரித் தொட்டியில் 10,000 மி.மீ. ஆரத்தை 8 மி.மீ. தடிமனால் வகுத்தால் 1250 வருகிறது. கடையில் விற்கும் அலுமினியக் குளிர்பான டின்னுக்கு இந்த விகிதம் ஏறத்தாழ 300 தான். விகிதப்படி பார்த்தால், நாம் ஏணி வைத்து ஏறும் தொட்டி அந்த டின்னைவிட நான்கு மடங்கு மெல்லியது.

2. அப்படியானால் 3,000 டன்னுக்கு மேல் தண்ணீரை அது எப்படித் தாங்குகிறது?

தண்ணீரின் எடையைச் சுவர் தாங்குவதில்லை. அடித்தகடும் அதன் கீழே உள்ள மண்ணும் தாங்குகின்றன. சுவர் தாங்குவது பக்கவாட்டு அழுத்தத்தை மட்டுமே. அந்த அழுத்தம் வட்டச் சுவரைச் சுற்றிலும் இழுவிசையாக மாறிவிடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 98 கிலோபாஸ்கல். அதை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தால் கிட்டத்தட்ட 123 மெகாபாஸ்கல் இழுதகைவு (தகட்டின் ஓரலகுப் பரப்பில் வரும் இழுவிசை) வரும். சாதாரணக் கட்டுமான எஃகு 250 மெகாபாஸ்கல் அளவில்தான் இளகத் (பழைய வடிவுக்குத் திரும்பாதபடி நீளத்) தொடங்குகிறது என்பதால் இது தாங்கக்கூடியதே. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால், உண்மைத் தொட்டிகளில் மேல் அடுக்குத் தகடுகளை 6 அல்லது 5 மி.மீ. அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். இழுவிசையைத் தாங்குவதில் மெல்லிய எஃகுத் தகட்டுக்கு நிகரான சிக்கனம் வேறில்லை. தொல்லையெல்லாம் அதை அமுக்கும்போதுதான் தொடங்குகிறது.

3. காலி டேங்க்குக்கு என்ன சார் ஆகப் போகுது? உள்ளேதான் ஒன்றுமில்லையே?

இந்தத் தொகுப்பை எழுதத் தூண்டிய கேள்வி இதுதான். உள்ளே ஒன்றும் இல்லாததே பல நேரங்களில் சிக்கலுக்குக் காரணம். மெல்லிய சுவர் அமுக்கத்துக்கு உள்ளாகும்போது, எஃகு இளகுவதற்கு வெகு முன்னரே, சுவர் தன் வடிவத்தை இழந்து நெளிந்து மடிந்துவிடுகிறது. ‘பக்ளிங்’ என்று பட்டறைகளிலும் வகுப்பறைகளிலும் சொல்லப்படுவது இதுவே.

திரவம் இருக்கும்போது அதன் அழுத்தம் சுவரை வெளிப்புறமாகத் தள்ளி இழுத்துப் பிடித்திருக்கிறது. நெளிவு உள்நோக்கி விழுவதற்கு முதலில் அந்த இழுவிசையை வெல்ல வேண்டும். காலித் தொட்டிக்கு அந்தத் துணை இல்லை. ஆனால் நிறைந்த தொட்டியே எப்போதும் நல்லது என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. நிலநடுக்கத்தின்போது நிலைமை தலைகீழாகிவிடும் (கேள்வி 12). ‘காலியா, நிறைவா, எது பாதுகாப்பு?’ என்று யாராவது கேட்டால், ‘எந்தச் சுமைக்கு?’ என்று திருப்பிக் கேட்பதே சரியான மறுமொழி.

4. பக்ளிங் சூத்திரம் தரும் விடையில் ஐந்தில் ஒரு பங்குதான் நம்பலாம் என்கிறார்கள். கணக்கில் தவறா?

கணக்கில் தவறில்லை. நெடுக்குவாட்டில் அமுக்கப்படும் உருளைக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோரென்ஸ், டிமோஷென்கோ முதலியோர் கண்ட விடை எளிமையானது: எஃகின் நெகிழ்வுக் குணகத்தில் (பொருளின் விறைப்பைக் குறிக்கும் எண்) 0.6 பங்கை எடுத்து, ஆரத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதத்தால் வகுக்க வேண்டும். மாதிரித் தொட்டிக்கு அது சுமார் 97 மெகாபாஸ்கல். சோதனைக் கூடங்களில் உருளைகளை அமுக்கிப் பார்த்தபோது அவை இதில் பாதியிலும் கால்பங்கிலும்கூட மடிந்தன. ஒரே மாதிரி செய்த இரண்டு உருளைகள் வெவ்வேறு சுமையில் மடிந்தன. வான் கார்மனும் சியென்னும் 1941இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தை நெருங்கியது. டச்சுப் பொறியாளர் கோய்ட்டர் 1945இல் டெல்ஃப்ட் நகரில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு அதைத் தெளிவாக விளக்கியது. அது டச்சு மொழியில் இருந்ததால் உலகின் கவனத்துக்கு வர ஏறக்குறைய 15 ஆண்டுகள் பிடித்தன.

குறைபாடற்ற உருளையில் ஏராளமான நெளிவு வடிவங்கள் ஏறக்குறைய ஒரே சுமையில் காத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று தலைகாட்டியதும் மற்றவை அதோடு சேர்ந்துகொள்ள, தாங்குதிறன் படிப்படியாகக் குறையாமல் செங்குத்தாகச் சரிந்துவிடுகிறது. இத்தகைய அமைப்பில், சுவர்த் தடிமன் அளவுக்குக் கூட இல்லாத ஒரு பள்ளம் உச்சச் சுமையைப் பாதியாக்கப் போதுமானது. வெல்டிங் ஆறும்போது சுருங்கிச் சுற்றிலும் விழும் மெல்லிய பள்ளம் அப்படிப்பட்டதே. எனவே சூத்திர விடையை ஒரு குறைப்புக் காரணியால் பெருக்குகிறார்கள். ராக்கெட் உருளைகளுக்காக நாசா 1960களில் வெளியிட்ட வழிகாட்டியின்படி, 1250 என்ற விகிதத்துக்கு அந்தக் காரணி சுமார் 0.2. ஆக 97இல் மிஞ்சுவது 19 மெகாபாஸ்கல். தொட்டியின் சொந்த எடை அடிச்சுவரில் உண்டாக்குவது ஏறத்தாழ 1 மெகாபாஸ்கல்தான் என்பதால், அமைதியான நாளில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

5. தானே புயல் போன்ற காற்றில் தொட்டி கவிழுமா, நசுங்குமா?

இரண்டும் நடக்கலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது காற்றின் வேகம் மணிக்கு சுமார் 140 கி.மீ. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் விழுந்ததை ஊரே இன்னும் பேசுகிறது. தொட்டிகளைப் பற்றிப் பேச ஆளில்லை. அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் 0.9 கிலோபாஸ்கல், மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் அது 1.5 கிலோபாஸ்கலாகிவிடும், ஏனெனில் அழுத்தம் வேகத்தின் இருமடியாக உயர்கிறது.

வெளியிலிருந்து சுற்றிலும் சீராக அமுக்கினால் மாதிரித் தொட்டி 3.3 கிலோபாஸ்கலில் நெளியும். சுவர் முழுவதும் 6 மி.மீ. என்றால் 1.6 கிலோபாஸ்கலிலேயே நெளிந்துவிடும். இந்த வகை அமுக்கத்தில் வடிவக் குறைகளின் பாதிப்பு 4ஆம் பதிலில் சொன்ன அளவுக்குக் கொடியதல்ல என்றாலும், கொஞ்சம் உண்டு. காற்று எதிர்ப்புறத்தில் குறுகிய பட்டையில் மட்டுமே அமுக்குகிறது; பக்கங்களில் உறிஞ்சுகிறது. ஆகவே பள்ளம் காற்று வரும் முகத்தில் விழும். கூரை இல்லாத தொட்டியில் உள்ளே உருவாகும் உறிஞ்சலும் அதே முகத்தை உள்நோக்கி இழுப்பதால்தான் மேல் விளிம்பில் வளையச் சட்டம் பொருத்துகிறார்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் காலித் தொட்டிகளில் ஓரளவு திரவம் ஏற்றி வைப்பது நல்ல வழக்கம்; நகர்வையும் கவிழ்வையும் அது தடுக்கும். திரவ மட்டத்துக்கு மேலே நிற்கும் வெறும் சுவருக்கு மட்டும் அதனால் பயன் அதிகமில்லை.

6. வெயிலில் நன்றாக இருந்த டேங்க், மழை பெய்ததும் உள்வாங்கிவிட்டது. மழையின் எடையா?

மழையின் எடை இல்லை. மூடிய தொட்டியின் மேற்பகுதியில் நிற்கும் காற்று மே மாத வெயிலில் 45 டிகிரியை எளிதாகத் தொடும். திடீர் மழையில் அது 30 டிகிரிக்கு இறங்கினால், வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாதபோது, அழுத்தம் சுமார் 4.8 கிலோபாஸ்கல் குறையும். 5ஆம் பதிலில் உள்ள 3.3, 1.6 என்ற எண்களோடு ஒப்பிட்டாலே என்ன நடந்தது என்று விளங்கும். ஆவியாகும் கரைப்பான் உள்ளே இருந்தால், ஆவி குளிர்ந்து திரவமாவதும் சேர்ந்து நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

இதைத் தடுப்பதற்கென்றே, காற்று உள்ளே வரவும் வெளியே போகவும் வழிவிடும் பிரீதர் வால்வு (வென்ட்) இருக்கிறது. பெயிண்ட் அடிக்கும்போது சுற்றிய பாலிதீன் உறை, பறவைக் கூடு, உப்புக்காற்றில் துரு ஏறி இறுகிய தட்டு ஆகியவை அதை அடைத்துவிடும் வழக்கமான குற்றவாளிகள். வென்ட் அடைபட்ட நிலையில் பம்ப் வைத்து இறைத்தாலும் இதே கதிதான். ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பிச் செய்யும் சோதனை) முடிந்து தண்ணீரை வெளியேற்றும்போது கூரை மேன்ஹோல் திறந்திருக்கிறதா என்று ஏறிப் பார்த்துவிட்டே வடிகால் வால்வைத் தொட வேண்டும்.

7. துருவால் தடிமன் 20 சதவீதம் குறைந்திருக்கிறது. பலமும் 20 சதவீதம்தானே குறையும்?

இழுவிசைக்கு இது ஏறக்குறைய சரி. 8 மி.மீ. 6.4 ஆனால் 2ஆம் பதிலில் கண்ட 123 மெகாபாஸ்கல், 154 ஆகும், அதிலும் தாங்கும். ஆனால் வெளியமுக்க நெளிவு தடிமனின் 2.5 அடுக்கைப் (power) பொறுத்தது: 20 சதவீதத் தேய்மானம் 43 சதவீதப் பலத்தைப் பறித்துவிடும். தண்ணீர் நிரப்பிச் சோதித்ததில் ஒரு சொட்டுக் கசிவும் இல்லை என்ற நிம்மதியோடு விடப்பட்ட தொட்டி, அடுத்த புயலிலோ அடுத்த வென்ட் அடைப்பிலோ மடியக் காரணம் இதுவே. ஹைட்ரோ டெஸ்ட் சோதிப்பது இழுவிசையை மட்டும்.

கடலோரத்தில், கூரைக்கு அருகிலுள்ள மேல் அடுக்குத் தகடுகள் முதலிலேயே மெல்லியவை. உப்புக்காற்றும் உள்ளே ஆவியும் அவற்றைத்தான் அதிகம் தின்கின்றன. அல்ட்ராசோனிக் அளவுக்கருவியை எடுத்துக்கொண்டு கைக்கெட்டும் அடியடுக்கை மட்டும் அளந்துவிட்டு வரும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

8. வெள்ளத்தில் இரும்புத் தொட்டி மிதக்குமா?

மிதக்கும், அதற்கு அதிகத் தண்ணீரும் தேவையில்லை. மாதிரித் தொட்டியின் சுவர், அடித்தகடு, கூரை எல்லாம் சேர்ந்து எடை 70 முதல் 75 டன். அடிப்பரப்பு 314 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள்: கசிவைத் தேக்கத் தொட்டியைச் சுற்றித் தரையில் கட்டிய சுற்றுச்சுவருக்குள் கால் மீட்டர் தண்ணீர் நின்றாலே காலித் தொட்டி கிளம்பத் தயாராகிவிடும். 2015 வெள்ளத்தையும், 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலின் மழையையும் கண்டவர்களுக்குக் கால் மீட்டர் என்பது எவ்வளவு சிறிய அளவு என்று சொல்ல வேண்டியதில்லை. தொட்டிக்குள் அரை மீட்டர் திரவம் இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும். சுற்றுச்சுவரின் வடிகாலும் அடைபடாமல் இருக்க வேண்டும்.

9. திரவம் நிரப்பினால் சுவரின் அதிர்வெண் கூடுமா, குறையுமா?

ஜலதரங்கக் கச்சேரி கேட்டவர்களுக்குப் பாதி விடை தெரியும்: கிண்ணத்தில் தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்குகிறது. கிண்ணத்தின் சுவர் அதிரும்போது ஒட்டியிருக்கும் நீரையும் அசைக்க வேண்டியிருக்கிறது. அந்த நீர் சுவரின் நிறையோடு கூட்டு நிறையாகச் சேர்கிறது. எல்லா நீரும் சேர்வதில்லை. சுற்றளவில் (சுவர் உள்ளும் வெளியுமாக நெளியும்) அலைகள் எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு மெல்லிய நீர்ப்படலமே அசையும்: ஆரத்தை அலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்தப் படலத்தின் கனம் ஏறத்தாழக் கிடைக்கும். மாதிரித் தொட்டியில் சுற்றளவுக்கு 10 அலைகள் என்றால், ஒரு சதுர மீட்டர் சுவரின் நிறை 63 கிலோ. அதோடு சேரும் நீர் 950 கிலோ.

மீதிப் பாதி விடை கிண்ணத்தில் தெரியாது, ஏனெனில் அங்கே நீரின் அழுத்தம் மிகச் சிறியது. பெரிய தொட்டியில் அந்த அழுத்தம் சுவரை இழுத்துப் பிடித்து விறைப்பைக் கூட்டுகிறது. சுவரின் இரு விளிம்பும் வட்டம் குலையாமல் பிடிக்கப்பட்டிருப்பதாகக் கொண்டு போட்ட கணக்கில், 10 அலை வடிவத்தின் அதிர்வெண் காலியாக இருக்கையில் 7.5 ஹெர்ட்ஸ். நீரின் நிறையை மட்டும் சேர்த்தால் 1.9 ஆக வீழ்கிறது. சராசரி அழுத்தத்தையும் சேர்த்தால் 4 ஹெர்ட்ஸுக்கு மீள்கிறது. ஒரே திரவம் நிறையாகக் கீழே இழுக்கிறது, அழுத்தமாக மேலே தூக்குகிறது. இரண்டில் ஒன்றை மறந்தவர்களின் கணக்கு இருமடங்கோ அதற்கு மேலோ பிசகும்.

10. டேங்க் ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் இருக்கும்போது மட்டும் சுவர் ‘ர்ர்ர்’ என்று அதிர்கிறது. மட்டம் மாறினால் நின்றுவிடுகிறது. ஏன்?

நிமிடத்துக்கு 1450 சுற்று ஓடும் பம்ப் நொடிக்கு 24 முறை தட்டுகிறது. உள்ளே சுழலும் சக்கரமான இம்பெல்லரில் 5 இதழ்கள் என்றால் நொடிக்கு 121 முறையும் தட்டுகிறது. இந்தத் தட்டல்கள் மாறுவதில்லை. 9ஆம் பதிலின்படி சுவரின் அதிர்வெண் மட்டத்தோடு மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் மட்டத்தில் ஒத்ததிர்வு எழுகிறது, அதாவது சிறு தட்டலும் பெரிய அதிர்வாக வளர்கிறது.

மெல்லிய கூடுகளில் இந்தச் சந்திப்பைத் தவிர்ப்பது கடினம், ஏனெனில் அதிர்வு வடிவங்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதிலும் ஒரு விசித்திரம் உண்டு. காலி மாதிரித் தொட்டியில் சுற்றளவுக்கு 5 அலை உள்ள வடிவம் 23 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 14 அலை உள்ளது 5.6 ஹெர்ட்ஸில், 25 அலை உள்ளது 12 ஹெர்ட்ஸில். அலை குறைவாக இருந்தால் தகடு தன் தளத்திலேயே நீளவும் சுருங்கவும் வேண்டியிருக்கிறது, அதற்கு ஆற்றல் மிகுதியாகத் தேவை. அலை நெருங்கினால் தகடு வளைய வேண்டியிருக்கிறது, அதற்கும் ஆற்றல் தேவை. நடுவில் எங்கோ இரண்டும் சமரசமாகின்றன. ஆர்னால்டும் வார்பர்ட்டனும் 1949இல் இதை விளக்கினார்கள். எனவே சுவருக்கு ஒரு பட்டியைக் கூடுதலாக வெல்ட் செய்தால் ஒரு சந்திப்பு விலகி இன்னொன்று வந்து நிற்கும். பம்ப்பின் அச்சுச் சீரமைப்பையும், தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே நெகிழ் இணைப்பையும் முதலில் கவனிப்பதே என் பரிந்துரை.

11. நிலநடுக்கத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் என்ன செய்யும்?

இரண்டாகப் பிரிந்து நடந்துகொள்ளும். அமெரிக்கப் பொறியாளர் ஹவுஸ்னர் 1950களில் வகுத்த இந்தப் பார்வையே இன்றைய விதிநூல்களுக்கு அடிப்படை. கீழ்ப்பகுதி நீர் சுவரோடு ஒட்டிக்கொண்டு விரைந்து அசைகிறது. மேற்பகுதி நீர் தன் போக்கில் மெதுவாகத் தளும்புகிறது. மாதிரித் தொட்டி நிறைந்திருக்கும்போது 55 சதவீத நீர் முதல் வகை, அதன் அலைவுக் காலம் 0.16 நொடி, 45 சதவீதம் இரண்டாம் வகை, அலைவுக் காலம் 4.8 நொடி. தளும்பலின் காலத்தைத் தொட்டியின் ஆரமும் ஆழமும் மட்டுமே தீர்மானிக்கின்றன. சுவர் எஃகா, கான்கிரீட்டா, உள்ளே டீசலா, தண்ணீரா என்பது பொருட்டே அல்ல.

2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் ஏற்பட்டது போன்ற, ரிக்டரில் 5.5 அளவிலான அருகாமை நடுக்கம் முதல் வகையைத்தான் பெரிதும் சீண்டும். தொலைவில் நிகழும் பெரிய நடுக்கத்தின் நீண்ட அலைகள் இரண்டாம் வகையை எழுப்பும். தளும்பலுக்குத் தணிப்பு மிகக் குறைவு என்பதால் அது அடங்க வெகுநேரம் ஆகும். ஜப்பானின் தொமகொமாய் நகரில் 2003 செப்டம்பர் நடுக்கத்தின்போது, மையத்திலிருந்து வெகு தொலைவில் இருந்தும், சுத்திகரிப்பு ஆலைத் தொட்டிகளின் மிதக்கும் கூரைகள் தளும்பலில் சேதமாகித் தீப்பிடித்தன.

12. உள்ளழுத்தம் நெளிவைத் தடுக்கும் என்று 3ஆம் பதிலில் சொன்னீர்கள். பிறகு ஏன் நிறைந்த தொட்டிகள் நிலநடுக்கத்தில் அடியில் புடைக்கின்றன?

3ஆம் பதிலுக்கு ஒரு வரம்பு உண்டு. நிலநடுக்கம் நிறைந்த தொட்டியைப் பக்கவாட்டில் சாய்க்கப் பார்க்கும்போது, ஒரு பக்க அடிச்சுவர் கடுமையாக அமுக்கப்படுகிறது. அடித்தளத்தோடு ஆங்கர் போல்ட் போட்டுப் பிணைக்காத தொட்டியில் மறுபக்கம் தரையிலிருந்து சற்றே எழும்புவதால், மொத்த அமுக்கமும் குறுகிய வில்லில் குவிகிறது. உள்ளழுத்தம் அங்கே உள்நோக்கிய நெளிவைத் தடுக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே அழுத்தம் சுவரைச் சுற்றிலும் ஏற்கெனவே 123 மெகாபாஸ்கல் அளவுக்கு இழுத்து வைத்திருக்கிறது. குறுக்கே இழுவை, நெடுக்கே அமுக்கம் என்று இரண்டும் ஒரே இடத்தில் சேரும்போது எஃகு வழக்கத்தைவிட முன்னதாகவே இளகி, சுவர் சுற்றிலும் வெளிநோக்கிப் பிதுங்குகிறது. இதை யானைக்கால் புடைப்பு என்பார்கள். 1964 அலாஸ்கா நிலநடுக்கத்திலும் 1971 சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்திலும் காணப்பட்டது. அழுத்தம் குறைவாக உள்ள இடங்களில் விழுவது வேறு வகை. அங்கே வைர வடிவக் கட்டங்களாக உள்நோக்கி மடியும். மடிப்பின் வடிவத்தைப் பார்த்தே எது தோற்றது, எஃகா வடிவமா, என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

13. நிறைகுடம் தளும்பாது என்கிறார்களே, டேங்கர் லாரிக்கும் அது பொருந்துமா?

மூடிய டேங்கருக்கு நன்றாகவே பொருந்தும். திரவத்துக்கு மேலே இடமில்லாவிட்டால் தளும்பவும் இடமில்லை. (வெப்பத்தில் விரிய விடவேண்டிய சிறு வெற்றிடம் பெரிய தளும்பலுக்குப் போதாது.) பாதி நிறைந்த டேங்கர்தான் ஆபத்தானது. பிரேக் போடும்போது முன்னோக்கிப் பாயும் திரவத்தைக் குறுக்குத் தடுப்புத் தகடுகள் தடுக்கும். வளைவில் பக்கவாட்டில் ஏறும் திரவத்தை அவை தடுப்பதில்லை. கழுவும் வசதிக்காகத் தடுப்பே இல்லாமல் செய்யப்படும் உணவுப்பொருள் டேங்கர்களில் முன்பின் தளும்பலும் சேர்ந்துகொள்ளும்.

14. மோட்டார் போட்டதும் பிளாஸ்டிக் டியூபின் நுனி துள்ளுகிறது. ஆலைக் குழாய்களுக்கும் அப்படி ஆகுமா?

ஒரு முனை விட்டுவிடப்பட்ட நெகிழ்வான குழாயில், ஓடும் நீர் ஒவ்வோர் அசைவிலும் குழாய்க்கு ஆற்றலைக் கொடுக்க முடியும். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் துள்ளல் தானாகவே வளர்கிறது. இரு முனையும் பிடிக்கப்பட்ட குழாயில் அந்த ஆற்றல் வரவு ஒரு சுற்றில் சமனாகிவிடுவதால், அது துள்ளாமல் ஒரு பக்கமாக வளைந்து நிலையிழக்கும். அதற்குத் தேவையான வேகம் ஆலைகளில் வருவதில்லை: 6 மீட்டர் இடைவெளியில் தாங்கப்பட்ட 4 அங்குல எஃகுக் குழாய்க்கு அது நொடிக்கு சுமார் 140 மீட்டர், பம்ப் தருவது 2, 3 மீட்டர்தான். ஆலைக் குழாய் ஆடினால் காரணத்தைப் பம்ப்பிலும் வால்விலும் தாங்கிகளிலும் தேடுங்கள்.

15. இதையெல்லாம் சாஃப்ட்வேர் கணக்கிட்டுவிடுமே?

கணக்கிடும், கேட்டதை மட்டும். பக்ளிங் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் வருவது 4ஆம் கேள்வியின் 97தான்; அங்கே மிஞ்சிய 19 வராது. வடிவக் குறையை நாம் உள்ளிட்டு, தகட்டின் பெரிய இடப்பெயர்ச்சியையும் எஃகின் இளக்கத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் உண்மைக்கு அருகில் வரும். அதிர்வுக் கணக்கில் திரவத்தின் மொத்த எடையைச் சுவரின் அடர்த்தியில் ஏற்றிவிடும் குறுக்குவழி இன்னொரு பிழை. சேரும் நிறை அலைக்கு அலை மாறும் என்பதை 9ஆம் பதிலில் பார்த்தோம். திரவத்தைத் தனியாக மாதிரியாக்கி, நிலையழுத்தத்தை முன்கூட்டியே சுவரில் ஏற்றிவிட்டு, அதன் பிறகே அதிர்வெண்களைக் கேட்க வேண்டும்.

லேசர் ஸ்கேன் செய்த உண்மை வடிவம் இருந்தால் அதையே உள்ளிடுங்கள். இல்லாவிட்டால், முதல் நெளிவு வடிவத்தையே குறைபாடாக எடுத்து, அதன் ஆழத்தைச் சுவர்த் தடிமனின் கால்பங்கு, பாதி, முழுமை என்று மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து, உச்சச் சுமை எவ்வளவு சரிகிறது என்று வரைபடமாக்குங்கள். அந்தக் கோடு செங்குத்தாக இறங்குகிறது என்றால், விதிநூலின் குறைப்புக் காரணிக்கு மேல் ஒரு மெகாபாஸ்கல்கூடச் சலுகை எடுக்காதீர்கள்.